அத்தையின் பதவியைப் பறிக்கப் போன கதை

எனக்குச் சட்டம் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது என் வாழ்க்கையில் மொத்தம் பத்தொன்பது நாட்கள். அந்தப் பத்தொன்பது நாட்களில் ஊரில் நூற்றுப் பதினேழு பேரிடம் கையெழுத்து வாங்கி, பஸ் ஏறித் தஞ்சாவூர் போய், என் சொந்த அத்தையைப் பஞ்சாயத்துத் தலைவர் பதவியிலிருந்து இறக்கச் சொல்லி மனுக் கொடுத்தேன். அப்போது எனக்கு வயது இருபத்து நாலு. இப்போது தலை முழுக்க வெள்ளை. ஆனாலும் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது, "வாத்தியாரா இருக்கான்" என்பதற்கு முன்னால் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

ஒன்றும் படிக்காதவனால் ஊருக்குக் கெடுதல் இல்லை. நிறையப் படித்தவனாலும் அவ்வளவாக இல்லை. ஒரே ஒரு பாடத்தை மட்டும் நன்றாகப் படித்தவன் இருக்கிறானே, அவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கும்பகோணத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ.வும் எம்.ஏ. அரசியல் அறிவியலும் படித்தேன். தேர்ந்தெடுத்த பிரதிநிதி சரியில்லை என்றால் வாக்காளர்களே கையெழுத்துப் போட்டு அவரைத் திருப்பி அழைக்கலாம், வெளிநாட்டில் சில இடங்களில் அப்படி ஒரு உரிமை இருக்கிறது என்று அதில் ஒரு பாடம். கட்டாயம் பரீட்சைக்கு வரும் என்று யாரோ சொன்னதை நம்பி அதை மட்டும் உருப்போட்டேன். வரவில்லை. (வந்திருந்தால் எழுதிவிட்டு அதோடு மறந்து தொலைத்திருப்பேன். ஊரும் தப்பித்திருக்கும்.)

படித்து முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் ஊருக்கு வந்தேன். எங்கள் ஊர் பேராவூரணிக்குப் போகும் வழியில், மெயின் ரோட்டிலிருந்து மூன்று மைல் உள்ளே. காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டு, களைத்துப்போய், வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு வந்து சேரும் கடைமடை. அந்த வருஷம் யோசித்ததோடு நின்றுவிட்டது. தாமதமாக நட்ட சம்பா கதிர் தள்ளும் நேரத்தில் வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மிச்சம் இருந்தது ஊர்ப் பெரிய குளத்துத் தண்ணீர். ஒரே ஒரு முறை திறந்துவிடப் போதும். அந்த மதகின் சாவி தலைவரிடம். தலைவர் என் அத்தை அமராவதி. அப்பாவுக்கு நேர் மூத்த அக்கா.

பல வருஷங்களுக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்து, எங்கள் ஊர் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது, இரண்டு கரைவேட்டிக்காரர்களும் அவரவர் வீட்டம்மாவை நிறுத்தினார்கள். அத்தை எந்தக் கரையும் இல்லாத புடவையைக் கட்டிக்கொண்டு தனியாக நின்று ஜெயித்தார். மாமாதான் நிர்வாகம் பண்ணுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். முதல் கூட்டத்துக்கு மாமா வெள்ளை வேட்டியோடு பின்னாலேயே போனார். "நீங்க எங்க வர்றீங்க? மாட்டுக்குத் தண்ணி காட்டுனீங்களா?" என்று அத்தை வாசலில் நின்று கேட்டார். மாமா அதன் பிறகு பஞ்சாயத்து ஆபீஸ் இருக்கும் தெருப் பக்கம்கூடப் போகவில்லை.

இப்படிப்பட்ட அத்தை மதகைத் திறக்க மாட்டேன் என்றார். ஏன் என்று ஊர் பேசிக்கொண்டது: குளத்தில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் அதிராம்பட்டினத்து நைனா பாய். தண்ணீர் போனால் மீன் போய்விடும். அதனால் தலைவரைக் கையில் போட்டுக்கொண்டார். ஆதாரம்? போன வெள்ளிக்கிழமை முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் மீன் அத்தை வீட்டுக்குள் போனதை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள்.

என் ரத்தம் கொதித்தது. பயிர் காய்கிறது, தலைவர் மீன் தின்கிறார்! நான் படித்த பாடம் இதற்காகவே காத்திருந்தது போல மனதில் வரி வரியாக ஓடியது.

எங்கள் வயலுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பதினோரு தென்னை மரங்கள். நல்ல காய்ப்பு, அதைவிட நல்ல நிழல். அங்கே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் மனு எழுதினேன். "மக்கள் விரோதப் போக்கைக் கைவிடாத ஊராட்சித் தலைவரை, அவரைத் தேர்ந்தெடுத்த வாக்காளர்களாகிய நாங்கள் திருப்பி அழைக்கிறோம்" என்று தொடங்கி, ஆறு குற்றச்சாட்டுகள். எழுதி முடித்ததும் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். சொந்த அக்காவாயிற்றே, கோபப்படுவார் அல்லது, விவசாயியாயிற்றே, கட்டிப்பிடிப்பார் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அப்பா இரண்டும் செய்யவில்லை. தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எழுத்து நல்லாருக்கு" என்றார். அப்புறம், "வேற வேல இல்லையா ஒனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ரத்தபாசம் நியாயத்தைத் தடுக்கிறது, பாவம் என்று அவரை மன்னித்தேன்.

கையெழுத்து வாங்குவது நான் நினைத்தது போல் இல்லை. 'திருப்பி அழைத்தல்' என்றால் யாருக்கும் புரியவில்லை. "எங்கேருந்து திருப்பி அழைக்கணும்? அமராவதி ஊர்லதானே இருக்கு?" என்று கேட்டார் டீக்கடைக்காரர். ஒரு பாட்டி முதியோர் பென்ஷனுக்கு என்று நினைத்துக்கொண்டு, செத்துப்போன தன் தங்கை பெயரையும் சேர்க்கச் சொன்னார். வாய்க்காலின் தலைப்பில் நிலம் வைத்திருந்த மேல்வயல்காரர்கள் மட்டும் கேட்ட மாத்திரத்தில் போட்டார்கள். அதிலும் குளத்துக்குப் பக்கத்திலேயே நிலம் வைத்திருந்தவர் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, பேனாவும் தன்னுடையதையே கொடுத்தார். எவ்வளவு ஆர்வம் என்று பூரித்துப்போனேன்.

வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது காலனிக்காரர்களின் வயல். ஆளுக்கு ஒரு மா, இரண்டு மா. (மூன்று மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர்.) கூலிக்கு ஊர் நிலத்தில் உழைத்தவர்களுக்குப் பெரிய போராட்டத்துக்குப் பிறகு கிடைத்த துண்டு நிலம். அங்கே சாமிக்கண்ணு அண்ணன் தன் வயலில் நின்று ஒரு கதிரைப் பிதுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாலே பிடிக்கல தம்பி. இன்னும் மூணு வாரத்துல தண்ணி பாயலன்னா எல்லாம் பதருதான்" என்றார்.

"அதுக்குத்தான் அண்ணே வந்திருக்கேன். இதுல ஒரு கைநாட்டு வைங்க."

"வச்சா தண்ணி வருமா?"

"கட்டாயம் வரும்."

அவர் கட்டைவிரல் மையைத் தொட்டுத் தாளில் அழுந்தியதை இப்போதும் என்னால் சிரிப்போடு நினைக்க முடியவில்லை. அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்காமல் நம்பினார்.

மறுநாள்தான் விபத்து நடந்தது. கையெழுத்துத் தாள்களை வீட்டு மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். அத்தை! தம்பி வீட்டுக்கு வந்தால் கதவைத் தட்டும் பழக்கம் அவருக்குக் கிடையாது. மனுவின் முதல் தாளைச் சட்டைக்குள் திணித்துவிட்டேன். மற்றவற்றை மறைப்பதற்குள் மூன்றாவது தாள் அத்தை கையில் இருந்தது. நல்லவேளை, அதில் வரிசை எண், பெயர், கையொப்பம், அவ்வளவுதான்.

"என்னடா புகழு, இவ்வளவு கையெழுத்து?"

என் பெயர் புகழேந்தி. அந்த நேரத்தில் புகழும் இல்லை, ஏந்துவதற்கும் எதுவும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "பஸ்ஸுக்கு மனு அத்தை. டவுன் பஸ் ஊருக்குள்ள வரணும்னு..."

அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. "இத முன்னாடியே சொல்லக் கூடாதா? தலைவர் போடாம ஒரு மனுவா? கொண்டா பேனாவ!" என்றார்.

"இல்ல அத்தை, அதெல்லாம் பொதுமக்கள்..."

"நான் பொதுமக்கள் இல்லாம வேற யாரு?"

காலியாக இருந்த அறுபத்தோராவது வரிசையில், கி. அமராவதி என்று, எட்டாம் வகுப்பு வரை படித்த பெருமை முழுவதும் தெரியும்படி கையெழுத்துப் போட்டார். அதோடு விட்டாரா? கைப்பையைத் திறந்து மைப்பெட்டியை எடுத்து, ஊராட்சித் தலைவர் முத்திரையை ஒரு ஊது ஊதி, 'டக்' என்று குத்தினார். "படிச்ச புள்ள ஊருக்குன்னு ஒண்ணு செய்யிது" என்று என் தலையைத் தடவிவிட்டு, அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

தாளைக் கிழித்துப் போடலாம் என்றால், அதில் நாற்பது பேர் இருந்தார்கள். சாமிக்கண்ணு அண்ணன் கைநாட்டும் அதில்தான். இரண்டு பேர் அதற்குள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். சரி, நூற்றுப் பதினேழு கையெழுத்தில் ஒன்றை யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள் என்று துணிந்துவிட்டேன். முத்திரை ஊதா நிறத்தில் உள்ளங்கை அளவுக்கு இருந்தது என்பதை என் துணிச்சல் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை தஞ்சாவூரில் குறைதீர்க்கும் நாள். இஸ்திரி போட்ட சட்டையோடு வரிசையில் நின்றேன். கலெக்டர் என்னை உள்ளே அழைத்து, நாற்காலியைக் காட்டி, "இப்படி ஒரு இளைஞனைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்" என்று சொல்வதாக பஸ்ஸில் வரும்போதே இரண்டு தடவை கற்பனை செய்து பார்த்திருந்தேன். நிஜத்தில் என் மனுவை வாங்கியது மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு எழுத்தர். பொறுமையாக முழுவதையும் படித்தார்.

"தம்பி என்ன படிச்சிருக்கீங்க?"

"எம்.ஏ. பொலிட்டிகல் சயின்ஸ் சார்."

"எந்த நாட்டுது?"

 அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டார். பக்கத்தில் உட்கார வைத்து விளக்கினார். "இங்க ஓட்டுப் போட்டவங்க கையெழுத்துப் போட்டு யாரையும் எறக்க முடியாது தம்பி. எம்.எல்.ஏ.வையும் முடியாது, எம்.பி.யையும் முடியாது. பஞ்சாயத்துத் தலைவர்னா, உங்க வார்டு உறுப்பினருங்க இருக்காங்கல்ல, அதுல மூணுல ரெண்டு பங்குப் பேரு குத்தச்சாட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு, ரெண்டு பேராவது நேர்ல வந்து கலெக்டர்கிட்ட குடுக்கணும். இல்ல, கலெக்டரே தானா எடுக்கணும். அப்பறம் தலைவருக்கு நோட்டீஸு, அவங்க விளக்கம், அது சரியில்லன்னா தாசில்தார் கூட்டம் போட்டு உறுப்பினருங்களக் கேப்பாரு. அதுக்கு அப்பறந்தான் கலெக்டர் முடிவு பண்ணுவாரு. இதுல எத்தன வார்டு உறுப்பினர் போட்டிருக்காங்க?"

"ஒருத்தரும் இல்ல சார்."

"நூத்திப் பதினேழுல ஒருத்தர்கூட இல்லையா?" என்று தாள்களைப் புரட்டியவர், மூன்றாவது தாளில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இந்த அறுபத்தோராவது ஆளு யாரு?"

"அது... தலைவர் சார்."

"எந்தத் தலைவர்?"

"நீக்கச் சொல்ற தலைவர்."

அவர் எழுந்து போய்ப் பக்கத்து மேஜைக்காரரை அழைத்து வந்தார். அவர் இன்னும் இருவரை அழைத்து வந்தார். நாலு பேரும் முத்திரையைக் குனிந்து பார்த்தார்கள். "இருவத்தாறு வருச சர்வீஸ்ல..." என்று ஆரம்பித்த ஒருவர் முடிக்க முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், மனுவத் திருப்பிக் குடுத்துருங்க. நான் போயிர்றேன்."

"பதிவு நம்பர் போட்டாச்சு தம்பி. இது நடைமுறைப்படி விளக்கம் கேட்டுப் போவும்."

"யாருக்கு?"

"யார் மேல எழுதியிருக்கீங்களோ, அவங்களுக்கு."

அடுத்த பத்து நாட்கள் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடினேன். ஒரு நாள் அந்த சைக்கிள் அத்தை வீட்டில் நின்றது. அன்று சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "ஒங்கத்தை ஏன் வரல?" என்று கேட்டபோது, சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனேன்.

குடியரசு தினம் வந்தது. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும், அங்கேயே கிராம சபை. காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். அப்பா சட்டையை எடுத்து என் மேல் போட்டார். "வா. எழுதுனவன் போவணும்." தூணுக்குப் பின்னால் இடம் பிடித்தேன். (நான் அப்போது ஒல்லி. தூண் அதைவிட ஒல்லி.)

அத்தை எழுந்து நின்றார். "அடுத்தது ஒரு மனு. என்னைய எறக்கச் சொல்லி வந்துருக்கு. நானே படிக்கிறேன். தப்பா வாசிச்சா எழுதுனவரு திருத்தலாம்."

முழுக்க வாசித்தார். 'மக்கள் விரோதப் போக்கு' வந்த இடத்தில் நிறுத்தி, "தமிழு நல்லாருக்கு. எங்க வீட்டுப் புள்ளதானே" என்றார். கூட்டம் சிரித்தது. விரால் மீன் குற்றச்சாட்டு வந்ததும், ஓரமாக நின்றிருந்த நைனா பாய் கையைத் தூக்கினார். "அது தலைவரம்மா வெலைக்கு வாங்குன மீனுங்க. மதகத் தொறக்க எனக்கு ஆட்சேபணை இல்லன்னு நான் எழுதியே குடுத்துட்டேன். பாதி மீன எடுத்தும் வித்துட்டேன்."

நான் தூணுக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கினேன்.

"அறுவத்தோராவது கையெழுத்து என்னோடது" என்றார் அத்தை. "பஸ்ஸுக்குன்னு போட்டேன். பஸ்ஸு எங்கடா புகழு?"

பள்ளிக்கூடமே அதிர்ந்தது. டீக்கடைக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் சிரிப்புக்கு நடுவில் சாமிக்கண்ணு அண்ணன் எழுந்தார். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, எங்கிட்ட தண்ணிக்குன்னுதானே சொன்னீங்க? இந்த அம்மாவ எறக்கறதுக்குன்னு சொல்லலியே."

 அத்தை கையமர்த்தி அவரை உட்காரச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மனுவ எங்க ஒக்காந்து எழுதுன?"

"வயக்காட்டுல அத்தை. தென்ன மரத்து நெழல்ல."

"அந்த மரம் எங்க நிக்கிதுன்னு தெரியுமா? வாய்க்கால்ல நிக்கிது."

அத்தை சொல்லச் சொல்லத்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. பத்தடி வாய்க்கால். மேல்வயல்காரர்கள் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அணைத்து, மண்ணைப் போட்டு, தென்னை வைத்து, இரண்டடியாக்கிவிட்டார்கள். இந்த நிலையில் மதகைத் திறந்தால் மேல்வயல் நாலு பேருக்குத் தண்ணீர் பாயும், அதோடு குளம் காலி. காலனி வயலுக்கு ஈரம்கூடப் போகாது. "வாய்க்கால விடுங்க, மதகத் தொறக்குறேன்" என்று அத்தை எல்லாருக்கும் நோட்டீஸ் கொடுத்திருந்தார். அதை மடித்து வைத்துக்கொண்டுதான் விரால் மீன் கதையை ஊரில் விட்டார்கள். எனக்குக் காப்பி கிடைத்த காரணமும் புரிந்தது. கும்பகோணத்தில் படித்த ஐந்து வருஷமும், வந்த பிறகும், எங்கள் வயல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

"ஆனா ஒண்ணு" என்றார் அத்தை. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நோட்டீஸ் குடுத்தும் கேக்கலன்னா, சர்வேயர வச்சு அளந்து மரத்த வெட்டிருக்கணும். வெட்டல. மொத மரமே என் தம்பி மரம். அவனா வெட்டிருவான்னு இருந்தேன். அதுல நாள் போச்சு, பயிரு காயிது. இவன் எழுதுன ஆறு குத்தமும் பொய்யி. எழுதாத இது ஒண்ணு நெசம். இதுக்கு வேணும்னா என்னைய எறக்குங்க."

 என் பக்கத்தில் ஏதோ அசைந்தது. அப்பா எழுந்து நின்றார். கூட்டத்தில் அவர் பேசி நான் பார்த்ததே இல்லை.

"நோட்டீஸு அரிசிப் பானைக்குள்ள இருக்குக்கா" என்றார். "நாளைக்கு விடியறப்ப மரம் இருக்காது."

சொன்னபடி விடிந்ததும் வெட்டினார். காய்க்கிற மரம் பதினொன்று. முதல் மரம் விழுந்தபோது அப்பா திரும்பிக்கொண்டார். அத்தை வரப்பில் நின்று அழுதார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. அக்காவும் தம்பியும் இப்படி நிற்கும்போது மற்ற மேல்வயல்காரர்களால் என்ன செய்ய முடியும்? முணுமுணுத்துக்கொண்டே அவர்களும் கோடரியை எடுத்தார்கள். நாலு நாள் ஊரே வாய்க்கால் வெட்டியது. எனக்கும் ஒரு மண்வெட்டி கிடைத்தது. அரை மணி நேரத்தில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. சாமிக்கண்ணு அண்ணன் வந்து மண்வெட்டியைப் பிடிக்கும் முறையைக் காட்டினார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "கீழ குனிஞ்சு வெட்டுங்க தம்பி" என்றார். அதற்கு மேல் பேச விடவில்லை.

மதகு திறந்த அன்று தண்ணீர் முதலில் காலனி வயலுக்குத்தான் போனது. முழு விளைச்சல் என்று சொல்ல முடியாது. ஆனால் பதராகவும் போகவில்லை.

கலெக்டர் ஆபீசுக்கு விளக்கம் எழுத வேண்டுமே! என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அத்தை என்னையே கூப்பிட்டு உட்கார வைத்தார். என் மனுவுக்கு நானே மறுப்பு எழுதினேன். "மனுதாரர் அறியாமையால் இதை அனுப்பியுள்ளார்னு போடு" என்றார்.

"அறியாமை வேணாமே அத்தை."

"சரி, சிறு வயது காரணமாகன்னு போடு."

"எனக்கு இருவத்தி நாலு அத்தை."

"அப்ப அறியாமைன்னே இருக்கட்டும்."

அப்படியே எழுதினேன். அதற்கும் முத்திரை குத்தினார். முழுக் காலமும் தலைவராக இருந்தார். நான் பின்னால் சமூக அறிவியல் வாத்தியாராகி, உள்ளாட்சிப் பாடம் வரும்போதெல்லாம் மற்ற பாடத்தைவிட இரண்டு பீரியட் கூடுதலாக எடுக்கிறேன். ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.

ஆனால் அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் நீட்டும் காகிதத்தில் யாரும் சும்மா கையெழுத்துப் போடுவதில்லை. என் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனபோது சாட்சிக் கையெழுத்துக்கு வந்த அத்தை, அச்சடித்திருந்த விதிமுறைகள் உட்பட எல்லாவற்றையும் படித்து முடித்து, "இதுல யார எறக்குறோம்?" என்று சார்பதிவாளரிடம் கேட்டார். மகளின் பள்ளிக்கூட ரேங்க் கார்டை நான் நீட்டினால், என் மனைவியும் அதையேதான் கேட்கிறாள்.

போன மாதம் அத்தைக்குக் கண் ஆபரேஷன். எண்பதைத் தாண்டிவிட்டார். நர்ஸ் சம்மதப் படிவத்தை என்னிடம் கொடுத்து, பெரியம்மாவிடம் கையெழுத்து வாங்கித் தரச் சொன்னாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், "இதுல கையெழுத்துப் போடுங்க அத்தை" என்று தாளை நீட்டினேன். அத்தை அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், ஒன்றும் தெரியவில்லை. சந்தேகத்தோடு என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"யாருடா, புகழா? இதுல எத நீக்கச் சொல்லி எழுதியிருக்க?"

"கண்புரைய அத்தை."

"அது மட்டுந்தானா?"

"சத்தியமா அது மட்டுந்தான்."

"நீ இரு" என்றார் அத்தை. "அந்த நர்ஸுப் பொண்ணக் கூப்புடு. அது படிச்சுக் காட்டட்டும், போடுறேன்."